சுவரோரக் கூடம்

பெர்லின் நகரின் கோத்தனர் தெருவில் 38-ஆம் எண் கட்டடத்தை எழுப்பியவர்கள் அந்நகரத்துக் கட்டுமானத் தொழில் சங்கத்தார். 1910-இல் வேலை தொடங்கி 1913-இல் திறந்தார்கள். பயிற்சிக் காலம் முடித்த தொழிலாளிக்கு ‘மைஸ்டர்’ என்ற தேர்ச்சிச் சான்று வழங்கும் விழாவுக்கென்று உள்ளே உயர்ந்த கூரையும் மரவேலைப்பாடும் கொண்ட பெருங்கூடம் ஒன்று அமைந்தது. மைஸ்டர்சால் என்று அதற்குப் பெயர். ஒலி அங்கே அழகாகச் சுழன்று நின்றதால் விழா இல்லாத நாட்களில் சிறு வாத்தியக் கச்சேரிகள் நடந்தன. 1920-களில் இடதுசாரி நூல்களை வெளியிட்ட மாலிக் பதிப்பகம் அதே கட்டடத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் கட்டடத்தின் ஒரு பகுதி குண்டுக்கு இரையானது, கூடம் தப்பியது. போருக்குப்பின் சில காலம் நடனக்கூடம், பிறகு 1960-களில் இசைத்தட்டுகளுக்கான ஒலிப்பதிவுக்கூடம்.

1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி நகரின் நடுவே முள்வேலி இழுத்தது. வேலி பின்னர் சுவராயிற்று. கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அது நின்றது. போருக்குமுன் பெர்லினின் மையமாக இருந்த போட்ஸ்டாமர் பிளாட்ஸ் வட்டாரம் ஊர்க்கோடி ஆகிவிட்டது. பாதி இடிந்த கட்டடங்கள், காலி மனைகள், குறைந்த வாடகை. மேற்கு பெர்லினில் குடியிருந்தால் கட்டாய ராணுவச் சேவை கிடையாது என்பதால் மேற்கு ஜெர்மனியின் பிற ஊர்களிலிருந்து இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். ஓவியர்கள், நாடகக்காரர்கள், வேலையில்லாத பாடகர்கள் எல்லோருக்கும் அங்கே மூலையில் ஓர் அறை கிடைத்தது.

1970-களின் நடுவில் மைசல் சகோதரர்கள் அந்தக் கட்டடத்தை வாங்கினார்கள். அவர்களுடைய ஹன்ஸா நிறுவனம் ஜெர்மன் மெல்லிசைப் பாடல்களில் வளர்ந்தது. இந்திய நகரங்களின் கேசட் கடைகள்வரை வந்து சேர்ந்த ‘போனி எம்’ குழுவின் இசைத்தட்டுகளையும் வெளியிட்டது ஹன்ஸாதான். இப்படிப்பட்ட நிறுவனத்தின் கூடத்துக்கு அடுத்த 15 ஆண்டுகளில் ராக் இசைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். வந்தவர்களில் பலருக்கும் உலகம் அடையாளம் கண்டுகொண்ட ஒலி ஏற்கெனவே இருந்தது. அதைக் கழற்றிவைத்துவிட்டு வேறொன்றைத் தேட வந்தார்கள்.

ராக் குழு தன் ஒலியை மாற்றலாமா, கூடாதா என்ற சச்சரவுக்கு வயது அதிகமில்லை. 1963 பிப்ரவரி 11 அன்று லண்டனில் பீட்டில்ஸ் குழு தன் முதல் ஆல்பத்தின் பத்துப் பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்தது. மேடையில் வாசிப்பதை அப்படியே டேப்பில் ஏற்றுவதற்குப் பெயர்தான் அன்று ஒலிப்பதிவு. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1966 ஆகஸ்ட் 29 அன்று, சான்ஃபிரான்சிஸ்கோவில் தன் கடைசிச் சுற்றுப்பயணக் கச்சேரியை முடித்துக்கொண்டு அதே குழு ஸ்டூடியோவுக்குள் புகுந்தது. அடுத்த ஆல்பத்துக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்தது. பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்று ஆனபின், ஒவ்வொரு ஆல்பமும் முந்தையதைவிட்டு விலகி நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது. எதிர்பார்ப்போடு கோபமும் பிறந்தது. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின் கிட்டாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. மறு ஆண்டு மான்செஸ்டரில் ஒருவர் அவரைப் பார்த்து ‘யூதாஸ்’ என்று கத்தினார்.

அந்தக் கோபத்தைக் கேலி செய்வது நியாயமில்லை. ஒரு குழுவின் ஒலியோடு தன் 18 வயதை முடிந்து வைத்திருக்கும் ரசிகர், அந்த ஒலியைக் கைவிடுகிறவர்களிடம் தன்னையும் கைவிட்டதாக உணர்கிறார். ஆனால் கேட்பவர் பாட்டை ஆயிரம் முறை கேட்டாலும் தன் வீட்டில், தன் நேரத்தில் கேட்கிறார். வாசிப்பவரோ அதே ஐந்து சுரங்களை ஊர் ஊராக, இரவு இரவாக, உள்ளே ஒன்றும் அசையாத நாளிலும் வாசித்தாக வேண்டும். மைஸ்டர்சாலுக்கு வந்தவர்களின் கதை அந்த இரண்டாம் நிலையிலிருந்து தொடங்குகிறது.

முதலில் வந்த பெரும்பெயர் டேவிட் போவி. அவர் தனிப் பாடகர். ஆனால் அவரோடு வந்த கிட்டார் கலைஞர் கார்லோஸ் அலோமர், பாஸ் வாசித்த ஜார்ஜ் மரே, டிரம்ஸ் வாசித்த டென்னிஸ் டேவிஸ் மூவரும் ஆல்பத்துக்கு ஆல்பம் மாறாத குழுவாகவே இருந்தார்கள். 1976-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கொகெய்ன் பழக்கத்தில் உடலும் மனமும் நைந்துபோய் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மேற்கு பெர்லினின் ஷோனபெர்க் பகுதியில், ஹவுப்ட் தெரு 155-ஆம் எண்ணில், நண்பர் இக்கி பாப்போடு குடியேறினார். அங்கே அவரை யாரும் துரத்தவில்லை.

போவியின் ‘லோ’ ஆல்பத்தின் பெரும்பகுதி பிரான்ஸில் ஒரு பழைய மாளிகையில் பதிவாகி, ஹன்ஸாவில் முடிந்தது. முதல் பக்கத்தில் சட்டென்று தொடங்கிச் சட்டென்று அறுந்துபோகும் குறும்பாடல்கள். இரண்டாம் பக்கத்தில் பெரும்பாலும் வரிகளற்ற வாத்திய இசை. ‘கிராஃப்ட்வெர்க்’, ‘நொய்’ போன்ற ஜெர்மன் குழுக்களைக் கேட்டு, சிந்தசைசரோடு வந்த பிரையன் ஈனோவோடு சேர்ந்து செய்தது. போவியின் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஆர்சிஏ நிறுவனத்தாருக்கு அது பிடிக்கவில்லை. 1976-லேயே வந்திருக்க வேண்டிய ஆல்பம் 1977 ஜனவரியில்தான் வெளியானது. அமெரிக்காவில் நடன மேடைகளை ஆட்டிவைத்த பாடகரிடமிருந்து இப்படியொரு பொருளை விற்பனைப் பிரிவு எதிர்பார்க்கவில்லை.

1977 கோடையில் ‘ஹீரோஸ்’ முழுவதும் மைஸ்டர்சாலிலேயே பதிவானது. இந்தக் கூடம் இசையில் என்ன செய்தது என்பதை அறிய அந்தத் தலைப்புப் பாடல் ஒன்றே போதும். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி போவியின் முன் மூன்று மைக்குகளை வைத்தார். ஒன்று வாய்க்கு அருகில், இரண்டாவது சுமார் 20 அடியில், மூன்றாவது சுமார் 50 அடியில். தூரத்து மைக்குகள் இரண்டும் குரல் ஓர் அளவுக்கு மேல் உயர்ந்தால் மட்டுமே திறந்துகொள்ளும்படி மின்கதவு பொருத்தினார். தாழ்ந்த குரலில் பாடும்போது கேட்பவரின் காதருகே பாடகர் நிற்கிறார். குரல் ஏற ஏற, முதலில் இரண்டாவது மைக், பிறகு மூன்றாவது மைக் திறந்து, கூடம் முழுவதும் பாட்டுக்குள் வந்துவிடுகிறது. உச்சத்தில் போவி கிட்டத்தட்டக் கத்த வேண்டியிருந்தது. அந்தத் தொலைவு மைக்கை எட்ட வேறு வழியில்லை. பின்னணியில் நீண்டு முழங்கும் கிட்டார் ராபர்ட் ஃபிரிப்புடையது. பெருக்கியிலிருந்து எத்தனை அடியில் நின்றால் எந்தச் சுரம் தானாகவே எதிரொலித்து நீளும் என்று அளந்து, தரையில் நாடா ஒட்டி அடையாளமிட்டு, அந்தந்த இடத்தில் நின்று வாசித்தார்.

கட்டுப்பாட்டு அறையின் சன்னலிலிருந்து சுவரும் காவல் கோபுரமும் தெரிந்தன. ஒலிப்பொறியாளர் எடுவார்ட் மேயர் ஒரு நாள் மேசை விளக்கைக் காவலர்கள் பக்கமாகத் திருப்ப, போவியும் விஸ்கான்டியும் அஞ்சி மேசைக்கடியில் பதுங்கியதாக விஸ்கான்டி பலமுறை சொல்லியிருக்கிறார். சுவரருகே சந்திக்கும் காதலர்களைப் பற்றிய அந்தப் பாடல் வெளியானபோது பிரிட்டனின் தரவரிசையில் 24-ஆம் இடத்தோடு நின்றது. அதன் மதிப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறியது. புதிய ஒலி வந்த நாளிலேயே தீர்ப்பெழுதுகிற அவசரம் எத்தனை முறை தவறியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ராக் வரலாற்றில் அரிது.

போவியின் இந்தக் காலத்து மூன்று ஆல்பங்களையும் சேர்த்து ‘பெர்லின் மூன்று’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. மூன்றாவதான ‘லாட்ஜர்’ (1979) சுவிட்சர்லாந்திலும் நியூயார்க்கிலும் பதிவானது. ஆனாலும் ஊரின் பெயர் மூன்றுக்கும் ஒட்டிக்கொண்டது. அதற்குள் பெர்லின் என்றால் மாற்றம் என்று இசைக்காரர்களிடையே நம்பிக்கை பரவிவிட்டது. ‘டாஞ்சரின் டிரீம்’, ‘கில்லிங் ஜோக்’, ‘மாரிலியன்’, நிக் கேவ் என்று வரிசை நீண்டது.

இவர்களில் மிக ஆழமாக மாறியவர்கள், பெர்லினுக்கு வரும்போது அப்படி மாறுவார்கள் என்று யாரும் நினைக்காதவர்கள்: ‘டெபெஷ் மோட்’. லண்டனுக்குக் கிழக்கே, எசெக்ஸில், பேசில்டன் என்ற புதுநகரத்தில் 1980-இல் கூடிய இளைஞர்கள். கிட்டார் ஏதுமின்றி சிந்தசைசர்களில் துள்ளலான பாப் பாடல்கள் வாசித்தார்கள். முதல் ஆல்பம் வந்த 1981-லேயே பாடல்களை எழுதிய வின்ஸ் கிளார்க் விலகிவிட்டார். எழுதும் பொறுப்பு மார்ட்டின் கோர் மேல் விழுந்தது. பதின்வயதுப் பத்திரிகைகளின் அட்டைப்பட முகங்கள் என்று இங்கிலாந்தின் இசை விமரிசகர்கள் அவர்களை ஒதுக்கினார்கள்.

1983-இல் மூன்றாவது ஆல்பத்துக்காக அவர்கள் லண்டனின் தெருக்களுக்கும் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் டேப் ரெக்கார்டரோடும் சுத்தியலோடும் போனார்கள். தகரம், குழாய், வேலி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தட்டிப் பதிந்தார்கள். அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த சாம்ப்ளர் கருவிகளில் அந்த ஓசைகளை ஏற்றி, விசைப்பலகையில் சுரமாக வாசித்தார்கள். கலவை வேலைக்கு ஒலிப்பொறியாளர் கேரத் ஜோன்ஸ் அவர்களை ஹன்ஸாவுக்கு அழைத்துப் போனார். அங்கே புதிதாக வந்திருந்த பெரிய எஸ்எஸ்எல் கலவை மேசை ஒரு காரணம். பவுண்டுக்கு அன்று கிடைத்த மார்க் கணக்கில் லண்டனைவிடச் செலவு கட்டுப்படியானது இன்னொரு காரணம். ராக் வரலாற்றின் பெரிய திருப்பங்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சில்லறைக் காரணங்கள் எப்போதும் உண்டு.

வந்த இடத்தில் கூடம் வேலை செய்யத் தொடங்கியது. சிந்தசைசர் ஒலி கம்பி வழியாகவே கலவை மேசைக்குள் போவது. அதற்குக் காற்றும் தெரியாது, சுவரும் தெரியாது. ஜோன்ஸும், குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட மியூட் நிறுவனத்தின் டேனியல் மில்லரும், குழு உறுப்பினர் ஆலன் வைல்டரும் அந்த ஒலியை மைஸ்டர்சாலில் வைத்த பெரிய ஒலிபெருக்கிகள் வழியாக முழங்கவிட்டு, கூடத்தின் எதிரொலியோடு மறுபடி மைக்கில் பிடித்தார்கள். இயந்திரத்தின் ஓசைக்கு உடம்பு வந்தது. மேற்கு பெர்லினில் அப்போது ‘ஐன்ஸ்டுர்சென்டெ நொய்பாவ்டென்’ என்ற குழு இரும்புத் துண்டுகளையும் துளைபோடும் கருவிகளையும் மேடையில் வாத்தியமாக்கிக்கொண்டிருந்தது. கோர் அவர்களைப் பார்த்தார். அந்த ஊரிலேயே சில காலம் தங்கினார். நொய்பாவ்டென் செய்ததை மெட்டுள்ள பாட்டுக்குள் கொண்டுவர முடியுமா என்பதே டெபெஷ் மோடின் கேள்வியாயிற்று. 1984-இல் ‘பீப்பிள் ஆர் பீப்பிள்’ மேற்கு ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. 1986-இன் ‘ஸ்ட்ரிப்டு’ பாடல், நின்றபடி உறுமும் மோட்டார் சைக்கிளின் ஓசையைச் சுருதி இறக்கித் தாளமாக்கியது.

கவனிக்க வேண்டியது, இத்தனைக்கும் நடுவில் மாறாமல் நின்றது எது என்பதுதான். பாடகர் டேவ் கானின் கனத்த குரல், கோரின் குற்றவுணர்வும் ஆசையும் பிணைந்த மெட்டுகள், நினைவில் ஒட்டிக்கொள்ளும் சிறு சுரவரிசைகள். ஓசை இருண்டாலும் பாட்டு கையில் பிடிபட்டது. அதனால்தான் 1988 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் பாசடீனா நகர ரோஸ் பவுல் மைதானத்தை அவர்களால் நிரப்ப முடிந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச் 7 அன்று, அவர்கள் கிழக்கு பெர்லினில் வாசித்தார்கள். இளங்கம்யூனிஸ்ட் அமைப்பின் ஆண்டுவிழாவாக அறிவிக்கப்பட்ட கச்சேரி அது. சுவருக்கு இந்தப் புறம் உருவான ஒலியை அந்தப் புறத்து இளைஞர்கள் வானொலியில் கேட்டு மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள்.

இங்கே எதிர்த்தரப்பையும் பேசியாக வேண்டும். ஏசி/டிசி குழு 1973-இல் சிட்னியில் மால்கம் யங், ஆங்கஸ் யங் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். குழு சிதறியிருக்க வேண்டும். ஆனால் பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு, பஹாமாஸ் தீவில் பதிவு செய்து, அதே ஆண்டு ஜூலையில் ‘பேக் இன் பிளாக்’ வெளியிட்டது. உலகில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் அதுவும் ஒன்று. பாடகர் மாறினார், ஒலி மாறவில்லை. மால்கமின் தாளக் கிட்டார் ஒரே இடத்தில் ஆணியடித்தாற்போல் நின்றது. 2014-இல் நோயால் அவர் விலகியது முதல், 2017-இல் அவர் இறந்த பிறகும், அவருடைய அண்ணன் மகன் ஸ்டீவி யங் அதே பாணியில் அதே இடத்தில் நின்று வாசிக்கிறார். இதைத் தேக்கம் என்று சொல்கிறவர்கள் தாளத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் கெட்டுப்போகும் அந்த எளிமையை வாசித்துப் பார்த்ததில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஏசி/டிசி தேடியது ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டது; அதைக் காப்பாற்றும் வேலையே அவர்களுக்கு வாழ்நாள் வேலை. எல்லாக் குழுவுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

யு2 குழுவுக்கு வாய்க்கவில்லை. 1976-இல் டப்ளின் பள்ளியொன்றில் குழுவாகச் சேர்ந்த நான்கு பேர். முதல் மூன்று ஆல்பங்களின் முழக்கம் போதுமென்று 1984-இல் பிரையன் ஈனோவையும் டேனியல் லனுவாவையும் தயாரிப்பாளர்களாக அழைத்தபோதே, அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட ஐலண்ட் நிறுவனத் தலைவர் கிறிஸ் பிளாக்வெல் அதைத் தடுக்கப் பார்த்தார். அந்தக் கூட்டணியிலிருந்து 1987-இல் ‘தி ஜோஷுவா ட்ரீ’ வந்தது. இரண்டு கோடிக்கு மேல் விற்றது. உலகத்தின் மிகப் பெரிய ராக் குழு என்ற பட்டத்தோடு அவர்கள் அமெரிக்க ப்ளூஸ், காஸ்பல் இசையைத் தேடிப்போய் 1988-இல் ‘ராட்டில் அண்ட் ஹம்’ என்ற ஆல்பமும் படமும் எடுத்தார்கள். தங்களையே சிலையாக்கிக்கொள்கிறார்கள் என்று விமரிசகர்கள் சாடினார்கள். 1989 டிசம்பர் 30 அன்று டப்ளின் மேடையில் பாடகர் போனோ, கொஞ்ச காலம் விலகிப்போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து கனவு காண வேண்டும் என்ற பொருளில் பேசினார். குழு கலைகிறது என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

1990 அக்டோபர் 3, இரு ஜெர்மனிகளும் ஒன்றான நாள். அன்று அவர்கள் பெர்லினில் இறங்கினார்கள். கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்று தெருவில் ஓர் ஊர்வலத்தோடு நடந்தவர்கள், அது இணைப்பை எதிர்ப்பவர்களின் ஊர்வலம் என்று பிறகுதான் அறிந்தார்கள். ஹன்ஸாவும் அவர்கள் கேள்விப்பட்டிருந்த கூடமாக இல்லை. சுவர் விழுந்து ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகியிருந்தது. பழைய மேற்கு பெர்லினின் சலுகைகளும் தனிமையும் கரைந்துகொண்டிருந்தன. கருவிகள் பலவற்றை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது.

கூடத்துக்குள் குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. போனோவும் கிட்டார் கலைஞர் எட்ஜும் மின்னணு நடன இசையிலும், நொய்பாவ்டென், ‘நைன் இன்ச் நெய்ல்ஸ்’ போன்றவர்களின் தொழிற்சாலை இரைச்சலிலும் ஊறியிருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த லேரி மல்லன் கிரீம், பிளைண்ட் ஃபெய்த், ஜிமி ஹெண்டிரிக்ஸ் ஆகியோரைக் கேட்டு தன் கையை மெருகேற்றிக்கொண்டு வந்திருந்தார். வந்து பார்த்தால் தாள இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தனக்கு இனி இந்தக் குழுவில் இடமில்லையோ என்று அவர் அஞ்சினார். பாஸ் வாசித்த ஆடம் கிளேட்டனுக்கும் பழைய ஒலியை விட மனமில்லை. லனுவா கேட்க விரும்பியதும் உணர்ச்சி கனத்த பழைய யு2-வைத்தான். வாரங்கள் ஓடின, பாட்டு எதுவும் முழுமையாக உருப்படவில்லை. குழு உடையும் நிலைக்கு வந்ததை நால்வருமே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஒலி மாற்றம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். குழு என்பது நான்கு பேரின் வேலைப் பங்கீடு. ஒலியை மாற்றினால் யாரோ ஒருவரின் வேலை சுருங்கும், யாரோ ஒருவரின் அதிகாரம் பெருகும். 20 வயதில் தோழர்களாகச் சேர்ந்தவர்கள் 30 வயதில் அந்தப் பங்கீட்டைத் திரும்பப் பேச வேண்டியிருக்கிறது. பல குழுக்கள் உடைவதும் இங்கேதான். பல குழுக்கள் மாறத் துணியாமல் பழைய பாட்டையே திருப்பி வாசிப்பதும் இந்த அச்சத்தால்தான்.

விடை ஒரு பாட்டின் ஓரத்திலிருந்து வந்தது. பின்னாளில் ‘மிஸ்டீரியஸ் வேஸ்’ ஆன பாடலை முடிக்க முடியாமல் தவித்தபோது, அதன் இடைப்பகுதிக்காக எட்ஜ் இரண்டு சுரக்கோவைகளை வாசித்துப் பார்த்தார். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும்படி லனுவா சொன்னார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். போனோ வாய்க்கு வந்தபடி பாடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் ‘ஒன்’ பாடலின் வடிவம் கிடைத்துவிட்டது. அதில் தாள இயந்திரத்தின் ஆட்சி இல்லை. நான்கு பேர் ஓர் அறையில் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பது இருந்தது. புதிய ஒலிக்காக வந்த ஊரில் அவர்களுக்கு முதலில் திரும்பக் கிடைத்தது தங்கள் பழைய பழக்கம்தான். அது கிடைத்த பிறகு மற்ற சோதனைகளுக்கு மல்லனும் கிளேட்டனும் மனம் திறந்தார்கள்.

1991-இன் தொடக்கத்தில் அவர்கள் டப்ளின் திரும்பி, கடலோர வீடொன்றில் கருவிகளை இறக்கி வேலையைத் தொடர்ந்தார்கள். ஈனோ அவ்வப்போது ஒரு வாரம் வந்து, யு2-வின் பழைய ஒலியாகக் கேட்டதையெல்லாம் துடைத்துவிட்டுப் போனார். ஒலிப்பொறியாளர் ஃபிளட், கிட்டாரையும் குரலையும் கருவிகளுக்குள் ஓட்டிச் சிதைத்தார். அக்டோபரில் ‘தி ஃபிளை’ வெளியாகி, பிரிட்டனில் பதினாறு வாரமாக முதலிடத்தில் உட்கார்ந்திருந்த பிரையன் ஆடம்ஸைக் கீழிறக்கியது. நவம்பரில் ‘அக்டுங் பேபி’ வந்தது. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார்களை விளக்குகளாகத் தொங்கவிட்ட மேடையில், கறுப்புத் தோலாடையும் பெரிய கறுப்புக் கண்ணாடியுமாக போனோ பாடினார். கேட்டவர்கள் அதிர்ந்தார்கள், ஆனால் எட்ஜின் கிட்டார் எதிரொலியும் போனோவின் மன்றாடும் குரலும் இரைச்சலுக்கடியில் இருந்ததைக் கண்டுகொண்டார்கள்.

வெற்றி தந்த துணிச்சலில் மாற்றமே பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. 1997-இல் வந்த ‘பாப்’ அப்படியானது. பாடல்கள் முடியும் முன்பே சுற்றுப்பயணத் தேதிகள் குறிக்கப்பட்டுவிட்டன. நடன இசைத் துண்டுகளைப் பாடலாக்க நேரம் போதவில்லை. ஆல்பம் மார்ச்சில் வந்தது, பயணம் ஏப்ரலில் லாஸ் வேகாஸில் தொடங்கியது, ஒத்திகை போதாததும் மேடையில் தெரிந்தது. பிற்பாடு அந்தப் பாடல்களில் சிலவற்றைக் குழுவே மறுபடி பதிவும் கலவையும் செய்து வெளியிட்டது. முடிக்காத வேலை என்பதற்கு அதைவிட வெளிப்படையான ஒப்புதல் தேவையில்லை. 2000-இல் ‘பியூட்டிஃபுல் டே’ பாடலுக்கு எட்ஜ் தன் ஆரம்பக் காலக் கிட்டாரை எடுத்து அந்த மணியோசையை வாசித்தபோது, இது பழைய யு2 போல இருக்கிறதே என்று போனோ தயங்கினார். அந்த ஒலி தன்னுடையது, வேண்டும்போது எடுப்பேன் என்று எட்ஜ் நின்றார். பாடல் பிரிட்டனில் முதலிடம் போனது; கிராமி விருதுகளும் வாங்கியது. பத்தாண்டு விலகி நின்றதால்தான் அந்தப் பழைய ஒலி மறுபடி புதிதாகக் கேட்டது என்று வாதிட இடமிருக்கிறது.

டெபெஷ் மோடும் விலை கொடுத்தது. 1989-இல் ‘பர்சனல் ஜீசஸ்’ பாடலில் கிட்டாரை முன்னால் கொண்டுவந்து, ஃபிளட்டோடு சேர்ந்து 1990-இல் ‘வயலேட்டர்’ என்ற உச்சத்தைத் தொட்டார்கள். அடுத்த ஆல்பத்துக்கு, யு2 செய்ததுபோல ஒரே வீட்டில் தங்கி வேலை செய்யலாம் என்று மாட்ரிட்டில் வீடு எடுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காத நாட்களாக அது முடிந்தது. 1993-இல் வந்த ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. 1995-இல் வைல்டர் விலகினார். ஒரு குழுவைக் காப்பாற்றிய முறை இன்னொரு குழுவுக்குப் பொருந்தவில்லை.

மைஸ்டர்சால் 1990-களில் ஒலிப்பதிவிலிருந்து ஓய்வு பெற்று, விழாக்களுக்கும் கச்சேரிகளுக்கும் வாடகைக்குப் போகும் கூடமாகத் தன் முதல் தொழிலுக்கே திரும்பியது. மேல் மாடிகளில் ஹன்ஸா ஸ்டூடியோ தொடர்கிறது. போட்ஸ்டாமர் பிளாட்ஸில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. ஆனாலும் குழுக்கள் வருவது நிற்கவில்லை. வேல்ஸ் நாட்டு ‘மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ்’ ஒலியை மாற்றுவதா, காப்பதா என்ற கேள்விக்குத் தங்கள் வழியில் விடை கண்டார்கள். 2013-இல் மரக் கிட்டாரும் அமைதியுமாக ஓர் ஆல்பம்; 2014-இல் ஹன்ஸாவில் பெரும்பகுதி உருவான ‘ஃபியூச்சராலஜி’, பழைய ஜெர்மன் மின்னணு இசையின் ஓட்டத்தில் இன்னொரு ஆல்பம். ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுதியவற்றை ஒலியால் இரண்டாகப் பிரித்து, இரண்டுமே தாங்கள்தான் என்றார்கள்.

அதற்கு முன்பு, 2010-இல், அமெரிக்காவின் ஆர்.ஈ.எம். குழு வந்தது. ஜார்ஜியா மாநிலத்து ஏதன்ஸ் நகரில் 1980-இல் தொடங்கி, கிட்டார் இழையோடும் சிறு ஊர்க் குழுவாகப் பெயரெடுத்து, 1992-இல் தந்தி வாத்தியங்களும் துயரமும் நிறைந்த ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ வரை வந்தவர்கள். 1997-இல் டிரம்ஸ் கலைஞர் பில் பெரி விலகியதும், அவர் இடத்தில் இன்னொருவரை உறுப்பினராக்க மனமின்றி, தாள இயந்திரங்களோடு 1998-இல் ‘அப்’ வெளியிட்டார்கள். ரசிகர்களில் பலர் அதைப் பின்தொடரவில்லை. ஹன்ஸாவில் ஒரு பகுதி பதிவான ‘கொலாப்ஸ் இன்டு நவ்’ 2011 மார்ச்சில் வந்தது. அதில் அவர்கள் புதிய ஒலி எதையும் தேடவில்லை. மண்டோலின், வேகக் கிட்டார், மெதுவான நெடும்பாட்டு என்று முப்பது ஆண்டுகளாகத் தாங்கள் இருந்த ஒவ்வொரு குழுவாகவும் ஒரு முறை இருந்து பார்த்தார்கள். செப்டம்பர் 21 அன்று, சண்டையோ வழக்கோ இல்லாமல், குழு கலைந்ததாக அறிவித்தார்கள்.